இரண்டு துளைகளும் ஒரு வாய்த் தண்ணீரும்

1

எங்கள் சமையலறை ஜன்னலில் ஒரு சின்ன பாட்டில் நிற்கிறது. பாதி வரைக்கும் தண்ணீர். பார்த்தால் சாதாரணத் தண்ணீர்தான். அதன் மேல் என் மகள் கயல் ஒரு சீட்டு ஒட்டி இங்கிலீஷில் எழுதி வைத்திருக்கிறாள். கெட்டுப்போனது என்று அர்த்தம். கெடுத்தது நான்தான்.

பிள்ளைகளா, எரியோட்டில் நான் பத்தாவது வரைக்கும் படித்த பள்ளிக்கூடத்து அறிவியல் டீச்சர், "வெளிநாட்டுல இருக்கீங்களே, நம்ம பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதி அனுப்புங்க" என்று கேட்டு ரொம்ப நாளாகிறது. வெங்காயம் இவ்வளவு, இஞ்சி இவ்வளவு என்று கடைக்குச் சீட்டு எழுதுவதைத் தவிர நான் எதுவும் எழுதியதில்லை. நான் சமையல் மாஸ்டர். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பிரியாணியும் பரோட்டாவும் கற்றுக்கொண்டவன், இப்போது கனடா நாட்டில் வின்னிபெக் என்கிற ஊரில் ஒரு தமிழ்க் கடையில் அதையே செய்கிறேன். என் மனைவி செல்வியும் கயலும் என்னோடு இருக்கிறார்கள். ஊரில் தோட்டத்தைப் பார்ப்பது என் தம்பி முருகேசன். உங்களில் சில பேர் பள்ளிக்கூடம் போகிற வழியில் அவனைப் பார்த்திருப்பீர்கள். நாலு மாட்டை ஓட்டிக்கொண்டு, மாட்டோடு பேசிக்கொண்டே போவானே, அவன்தான்.

இந்தப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எழுதலாம் என்று தோன்றியது. இதில் அறிவியல் இருக்கிறது. நான் சொன்னால் தப்பாகச் சொல்லிவிடுவேன் என்பதால், அந்த இடத்தையெல்லாம் கயலிடம் கேட்டுத் திருத்தியிருக்கிறேன்.

2

கயல் எட்டாவது படிக்கிறாள். வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள். போன வருடம் வரைக்கும் பாதிப் பாதி. இப்போது முக்கால்வாசி இங்கிலீஷ். என்னோடு அவள் முழு வாக்கியமாகத் தமிழ் பேசுவது எனக்கு ஏதாவது பாடம் நடத்தும்போது மட்டும்தான். அதனால் நானும் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

ஒரு நாள் கேட்டாள்.

"அப்பா, பூமிக்கு வெளிய உயிர் இருக்கான்னு தேடணும்னா நீங்க எங்க தேடுவீங்க?"

"எங்க தண்ணி இருக்கோ அங்க."

"சரி, தண்ணி எங்க இருக்கு?"

"அது தெரிஞ்சா ஒங்க சித்தப்பன் ஏன் தேங்காய வெச்சுத் தண்ணி பாக்குற ஆளக் கூட்டிக்கிட்டுத் தோட்டம் பூரா அலையிறான்?"

அவள் சிரிக்கவில்லை. செல்விதான் அடுப்படியில் இருந்து சிரித்தாள்.

கயல் சொன்னதை என் பேச்சில் சொல்கிறேன். வியாழன் என்கிற பெரிய கோளைச் சுற்றி நிறைய நிலாக்கள் ஓடுகின்றன. அதில் ஒன்றுக்குப் பெயர் யூரோப்பா. வெளியே எல்லாம் ஐஸ். கிலோமீட்டர் கணக்கில் ஐஸ். அதற்கு அடியில் ஒரு கடல் இருக்கும் என்கிறார்கள். நம் பூமியின் கடல்களையெல்லாம் சேர்த்தாலும் அதைவிட அதிகத் தண்ணீர் அதில் இருக்கலாமாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறார்கள், இன்னும் ஒருத்தரும் பார்க்கவில்லை. பக்கத்தில் போன விண்கலத்தில் காந்தத்தை அளக்கிற கருவி ஒன்று இருந்தது. உள்ளே உப்புத் தண்ணீர் இருந்தால் அது எப்படிக் காட்டுமோ அப்படிக் காட்டியதாம்.

"தேங்காய் நிமிர்ற மாதிரியா?" என்றேன்.

"அப்பா. இது சயின்ஸ்."

அவ்வளவு குளிரில் கீழே மட்டும் தண்ணீர் ஏன் உறையவில்லை என்று எனக்குப் புரியவில்லை. யூரோப்பா சுற்றி வரும்போது வியாழனுக்குக் கிட்டே போகும், கொஞ்சம் விலகும். அதனால் வியாழன் அதைப் பிடித்து இழுப்பதும் விடுவதுமாக இருக்கிறது என்றாள் கயல். அந்த இழுப்பில் உள்ளே சூடு பிறக்கிறதாம். அப்போது எனக்குப் பிடிபட்டது. "பரோட்டா மாவு மாதிரி! பிசைஞ்சுக்கிட்டே இருந்தா மாவே வெதுவெதுன்னு ஆயிரும்" என்றேன். கயல் நிமிர்ந்து பார்த்தாள். "கரெக்ட்ப்பா" என்று சொல்லி அதை அவள் பாட நோட்டில் எழுதிக்கொண்டாள். அன்றைக்குக் கடையில் நான் பிசைந்த மாவெல்லாம் யூரோப்பாதான்.

சனிக் கோளுக்கும் அப்படி ஒரு நிலா உண்டு, என்சலடஸ். அதன் தென்பக்கத்து வெடிப்புகளில் இருந்து, இட்லிக் கொப்பரையில் ஆவி பீய்ச்சுகிற மாதிரி, தண்ணீர் ஐஸ் தூளாக வெளியே பீய்ச்சுகிறது. ஒரு விண்கலம் அந்தத் தூளுக்குள்ளேயே புகுந்து போய்ப் பார்த்தது. உப்பு இருந்தது. உயிருக்கு வேண்டிய சரக்குகள் சிலவும் இருந்தன. உயிர் இருந்ததா என்று தெரியவில்லை. அந்த விண்கலத்துக்கு எரிபொருள் தீரப்போகிற நேரம் வந்ததும், அதைச் சனிக்குள்ளேயே விழவைத்து எரித்துவிட்டார்கள்.

"பாவம், ஏன் எரிக்கணும்?" என்றாள் செல்வி.

"நம்ம கிருமி ஏதாவது அதுல ஒட்டிக்கிட்டு இருந்தா? அது அந்த நிலாத் தண்ணியில விழுந்துட்டா? அப்புறம் அங்க உயிர் இருக்குன்னு கண்டுபிடிச்சாலும் அது அவங்களதா நம்மளதான்னு எப்படித் தெரியும்மா? தண்ணியைத் தேடிப் போறவங்க தண்ணியைத் தொடவே கூடாது."

நான் நன்றாகத் தலையாட்டினேன். அவளுடைய கடைசி வாக்கியத்தை நீங்கள் மறக்காதீர்கள். நான் மறந்துவிட்டேன்.

3

தோட்டத்துச் சேதி உங்களுக்கே தெரியும். கிணறு எப்போதோ நின்றுபோனது. பழைய ஆழ்குழாய்ப் போரும் இந்தத் தை மாதத்தில் இருந்து காற்றுத்தான் தள்ளுகிறது. தென்னை மட்டை மஞ்சளாகித் தொங்க ஆரம்பித்துவிட்டது. முருகேசன் கடைசியாக ஒரு போர் போட்டுப் பார்க்கிறேன் என்றான்.

"தண்ணி வந்துட்டா மரம் பொழைக்கும், மாடு நிக்கும். வரலைன்னா நூல் மில்லு வேலைக்குத்தாண்ணே. வேன் வாசல்லயே வந்து ஏத்திக்கிட்டுப் போகுது."

"மாட்டை என்ன செய்வ?"

"மில்லுக்குள்ள மாட்டை விடமாட்டாகளாம். கேட்டுப் பாத்துட்டேன்" என்றான். அவன் எப்போதுமே இப்படித்தான்.

தண்ணீர் பார்க்கிறவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றினார். கிழக்கு வேலியோரம் தேங்காய் நிமிர்ந்து நின்றது. இன்னொருத்தர் மிஷின் கொண்டுவந்து பூமிக்குள் கம்பி நட்டுப் பார்த்தார். அவரும் அதே இடத்தைத்தான் காட்டினார். இரண்டும் ஒரே இடம் என்றதும் எங்களுக்கு நம்பிக்கை ஏறிவிட்டது.

எங்கள் குடும்பத்தில் கிணறு வெட்டினாலும் போர் போட்டாலும் மூத்தவன் கையால்தான் முதல் மண் எடுக்க வேண்டும். தண்ணீர் வந்ததும் முதல் கை அள்ளி, கண்ணில் ஒற்றி, வாயில் விட்டுப் பார்த்து, நல்ல தண்ணியா உப்புத் தண்ணியா என்று சொல்ல வேண்டியவனும் அவன்தான். மூத்தவன் நான். ஆனால் என்னால் போக முடியாது. என் வேலை அனுமதி முடிந்து, புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறது. பதில் வருகிற வரைக்கும் இங்கே இருந்து வேலை செய்யலாம். வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவார்களா என்பது சொல்வதற்கில்லை. எப்போது பதில் வரும் என்று கேட்டால், பரிசீலனையில் இருக்கிறது என்கிறது கம்ப்யூட்டர். ஆளைப் பிடித்துக் கேட்டாலும் அந்த ஆளும் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பரிசீலனையில் இருக்கிறது என்கிறார்.

"சரி விடுண்ணே. கைய வெக்க முடியலைன்னா கண்ணையாவது வையி. வீடியோவுல வா" என்றான் முருகேசன்.

4

போர் வண்டி வந்த நாளும், கயலின் வகுப்பு ஏரிக்குப் போகிற நாளும் ஒன்றாக அமைந்துவிட்டன.

மார்ச் மாதம் உங்களுக்கு வெயில் ஏறும். இங்கே ஏரி இன்னும் உறைந்தே கிடக்கும். ஏரி என்றால் நம் குளம் மாதிரி நினைக்காதீர்கள், அக்கரை தெரியாது. அதன் மேலே கார் போகிறது. ஐஸில் துளை போட்டு, பக்கத்தில் கூடாரம் போட்டு உட்கார்ந்து மீன் பிடிக்கிறார்கள். கயலின் டீச்சரம்மா ஒரு யோசனை செய்திருந்தார். இந்த ஏரியை யூரோப்பா என்று வைத்துக்கொள்வோம். ஐஸைத் துளைப்போம், கேமரா இறக்குவோம், தண்ணீர் எடுத்து உயிர் தேடுவோம். உதவிக்கு நாலு பெற்றோர் வேண்டும் என்றார். நான் கடையில் லீவு சொல்லிவிட்டுப் பெயர் கொடுத்தேன். பிள்ளைகளோடு போகிறவன் என்பதால், நான் நல்லவன்தான் என்று போலீஸில் ஒரு சான்று வாங்கிவரச் சொன்னார்கள். வாங்கினேன்.

பாட்டில் பொறுப்பு கயலுக்கு. முந்தின நாளே அதைக் கொதிநீரில் போட்டு எடுத்து, கையுறை மாட்டிக்கொண்டு மூடி, பைக்குள் பை போட்டு வைத்திருந்தாள். தெரியாமல் நகர்த்திவைத்ததற்குச் செல்வி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

"அப்பா, அங்க சத்தமாப் பேசாதீங்க. ஃபோனை ஸ்பீக்கர்ல போடாதீங்க" என்றாள் என்னிடம், பஸ்ஸில்.

இங்கே காலை, அங்கே இருட்டி, வண்டி விளக்கு வெளிச்சத்தில் வேலை நடக்கிற நேரம். ஐஸ் மேல் கால் வைத்ததும் முருகேசன் கூப்பிட்டுவிட்டான். மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் வெட்டியாயிற்று.

"அண்ணே, தெரியுதா?"

"தெரியுதுடா. மெதுவாப் பேசு."

"என்னண்ணே ஒம் பின்னாடி எல்லாம் வெள்ளையா இருக்கு? சுண்ணாம்புக் காளவாசலா?"

"ஏரிடா. உறைஞ்சுபோன ஏரி."

"ஏரி மேலயா நிக்கிற?" அவன் ஃபோனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனான். "அம்புட்டுத் தண்ணி மேல நின்னுக்கிட்டு என் போரைப் பாக்குற. பாரு, பாரு."

வண்டி இரைய ஆரம்பித்தது. அப்புறம் பேச்சு கேட்கவில்லை, படம் மட்டும்தான். வெள்ளைப் புகையாகக் கல்மாவு கிளம்பி வேலியைத் தாண்டிப் போனது. அப்புறம் கறுப்பு. ஒவ்வொரு துளைக்கம்பியும் இறங்கி முடிந்ததும் வண்டிக்காரர் முருகேசனைத் திரும்பிப் பார்ப்பார். இவன் அடுத்ததைப் போடு என்று கையைக் காட்டுவான். காட்டிவிட்டு, விழுகிற மாவை ஒரு கை அள்ளிப் பிடித்துப் பார்ப்பான். ஈரம் இருந்தால் கையில் உருண்டை பிடிக்கும். ஒவ்வொரு தடவையும் விரலைப் பிரித்து ஃபோனுக்கு நேரே காட்டினான். ஒவ்வொரு தடவையும் காற்றில் பறந்துபோனது.

இந்தப் பக்கம் பிள்ளைகள் ஐஸ் துளைக்கிற திருகுக் கம்பியை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து இறக்கினார்கள். சின்ன மோட்டார்தான். அதன் சத்தமும் கிட்டத்தட்ட அதே சத்தம். நான் ஒரு துளையின் பக்கத்தில் நின்று இன்னொரு துளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த கம்பி இறங்கியது. முருகேசன் குனிந்து மாவை அள்ளினான். அள்ளிய கையைப் பிரிக்கப் போனான். படம் கறுத்துவிட்டது.

குளிரில் ஃபோன் செத்துவிட்டது. இங்கே அப்படித்தான், சார்ஜ் இருந்தாலும் அணைந்துவிடும். அக்குளில் வைத்தேன், வாயால் ஊதினேன். கல்லாட்டம் கிடந்தது.

"வாட்டர்!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். திரும்பினேன். இடுப்பு ஒசர ஐஸைத் திருகுக் கம்பி தாண்டிவிட்டது. துளைக்குள் தண்ணீர் குபுகுபுவென்று ஏறி வந்தது. யாரும் பம்பு போடவில்லை, இறைக்கவில்லை. தானே ஏறி வந்து விளிம்புக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது.

அப்புறம் நான் செய்ததை நினைத்துச் செய்யவில்லை. மண்டி போட்டேன். கையுறையைக் கழற்றினேன். ஒரு கை அள்ளி இரண்டு கண்ணிலும் ஒற்றி, மிச்சத்தை வாயில் விட்டேன்.

"நல்ல தண்ணி! உப்பே இல்ல!" என்று சத்தமாகச் சொன்னேன். தமிழில்.

பையில் இருந்து பாட்டிலைப் பாதி எடுத்தபடி கயல் நின்றாள்.

"ஏம்ப்பா தொட்டீங்க?"

"மொதத் தண்ணிம்மா..."

"இது போர் இல்லப்பா."

டீச்சரம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பத்தடி தள்ளி இன்னொரு துளை போடுவோம் என்றார். அதில் இருந்து தண்ணீர் எடுக்க வேறொரு பெண்ணிடம் வேறொரு பாட்டிலைக் கொடுத்தார். கயலிடம், இந்தத் துளைத் தண்ணீரையும் எடுத்து வை, ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றார். கயல் எடுத்தாள். சீட்டு ஒட்டினாள். எழுதினாள். அதற்குப் பிறகு ஏரியில் இருந்து கிளம்புகிற வரைக்கும் அவள் என் பக்கம் வரவில்லை. நான் எல்லாருடைய பைகளையும் தூக்கிக்கொண்டு பின்னாடியே நடந்தேன்.

5

பஸ் கதகதப்பில் ஃபோனுக்கு உயிர் வந்தது. முருகேசன் குரலில் ஒரு சேதி மட்டும் இருந்தது.

"போதும்னு விட்டாச்சுண்ணே. வண்டிய அனுப்பிட்டேன். பூராம் புகைதான், தண்ணி இல்ல. நீ இருக்கியான்னு செத்த நேரம் ஃபோனையே பிடிச்சுக்கிட்டு நின்னேன். குளிருல நிக்காத, உள்ள போ."

கயல் இரண்டு வரிசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். போய்ச் சொல்லலாம் என்று எழுந்தேன். ஓடுகிற பஸ்ஸில் நிற்கக் கூடாது, உட்காருங்கள் என்றார் டிரைவர். உட்கார்ந்தேன்.

6

வறண்ட போருக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது இப்போது ஊரில் வழக்கம். பக்கவாட்டில் எங்கேயாவது கசிவு தெரிந்தால் அந்த இடத்தில் வெடி வைத்து ஊற்றுக்கண்ணைத் திறக்கலாம் என்று ஒரு ஆசை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை முருகேசனும் விட்டான். அந்தப் படத்தை எனக்கு அனுப்பினான். நான் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கயல் தண்ணீர் குடிக்க வந்தவள், நின்றாள். நாலைந்து நாளாக என்னோடு சரியாகப் பேச்சில்லை.

"இது என்ன?"

"சித்தப்பா போட்ட போரு. உள்ள கேமரா இறங்குது."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வட்டமான பாறைச் சுவர் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. ரொம்ப ஆழத்தில் ஒரு இடத்தில் சுவர் கொஞ்சம் கறுத்துப் பளபளத்தது.

"அங்க! அப்பா, நிறுத்துங்க! அங்க ஈரம்!"

உடனே முருகேசனைக் கூப்பிடச் சொன்னாள். அவளாகக் கேட்டு அவனோடு பேசியது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

"சித்தப்பா, நான் பாத்தேன்! சுவர்ல ஈரம் இருக்கு!"

"நானும் பாத்தேன் பாப்பா. கேமராக்காரரும் பாத்தாரு. வெறும் கசிவு. வெடி வெச்சாலும் ஒரு சொம்பு தேறாதுன்னுட்டாரு."

"ஆனா அது தண்ணி சித்தப்பா! யூரோப்பாவுல இது மாதிரி ஒரு இடத்தைக் காட்டினா உலகமே பேசும். எல்லா டீவியிலயும் வரும்."

முருகேசன் சிரித்தான். "அப்படியா ஆத்தா? அப்ப நம்ம மாட்டையெல்லாம் அங்க ஓட்டிக்கிட்டுப் போயிரவா?"

கயல் திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் சொன்னதும் சரி, அவன் கேட்டதும் சரி. இரண்டு பேருக்கும் நடுவில் ஃபோனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"குழிய மூடிட்டியாடா?" என்று கேட்டேன். அதைத்தான் கேட்க முடிந்தது.

"ஒடனேயே மூடியாச்சு. பிள்ளைக நடமாடுற எடம். கேமரா விடத்தான் தொறந்தேன். திரும்ப மூடி மேல பாறாங்கல்லைத் தூக்கி வெச்சுட்டேன்."

பிள்ளைகளா, இதை உங்களுக்காகவே எழுதுகிறேன். எங்கேயாவது மூடாத போர்க்குழியைப் பார்த்தால் கிட்டே போகாதீர்கள், பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

7

கயலின் வகுப்பில் இரண்டு பாட்டில் தண்ணீரையும் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார்களாம். இரண்டிலும் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உயிர்கள் நெளிந்தனவாம். "ஒங்க பாட்டில்ல இருக்கிறதுல எது ஏரியோடது, எது உங்களோடதுன்னு பிரிக்க முடியலப்பா" என்றாள். அதற்கப்புறம் பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுவந்து ஜன்னலில் வைத்தாள். செல்வி கொட்டப்போனாள். கொட்டாதீங்க என்றாள் கயல். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. என் தப்புக்குச் சாட்சியாக வைத்திருக்கிறாளா, வேறு எதற்காகவாவது வைத்திருக்கிறாளா, தெரியாது. சீட்டு மட்டும் அப்படியே இருக்கிறது.

முருகேசன் மில்லில் சேர்ந்துவிட்டான். மாடு நாலும் போய்விட்டன. தென்னையை ஒன்றும் செய்யவில்லை. நிற்கிற வரைக்கும் நிற்கட்டும் என்றான். என் அனுமதி இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது.

முன்னெல்லாம் அவன் தோட்டத்தில் இருந்து பேசுவான். இப்போது மில் வேனில் இருந்து பேசுகிறான். ஜன்னலோர இடம், பின்னால் யாரோ தூங்கி விழுவது தெரியும். நேற்றும் பேசினான். சோத்துக்கு என்ன வெஞ்சனம், செல்வி நல்லா இருக்கா, குளிர் விட்டுருச்சா என்று வழக்கமாகக் கேட்பதையெல்லாம் கேட்டான். பேச்சு தீர்ந்தும் ஃபோனை வைக்கவில்லை.

"பாப்பா இருக்காளா?"

"ஸ்கூலுக்குப் போயிருக்கா."

"வந்தா ஒண்ணு கேட்டுச் சொல்லு. அந்த நிலாவுல போர் போட வண்டி போயிருச்சா?"

"போர் போட இல்லடா. சுத்திப் பாக்கத்தான். ஒண்ணு கிளம்பிப் போய்க்கிட்டு இருக்கு, போய்ச் சேரவே இன்னும் சில வருசம் ஆகுமாம்."

"அம்புட்டு நாளா?"

"ரொம்பத் தூரம்ல."

வேன் எதன் மேலோ ஏறி இறங்கியது. அவன் முகம் ஆடி நின்றது.

"அங்கயாவது இருக்கும்லண்ணே?" என்றான்.